யோசனை அவருடையது, ஷீல்டு என் வீட்டில்: என்ன செய்யலாம்?

கோரையாற்றான் | ஏப்ரல் 27, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீடாமங்கலம் பக்கம் பாய் நாற்றங்கால் போட்டு விற்கிறேன். நடவு மெஷினுக்கான டிரே நாற்று. நாலு வருடமாக நடக்கிறது. முன்பதிவு வாங்கி, விதைத்து, பதினைந்திலிருந்து பதினெட்டு நாளுக்குள் வயலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். இதில் ஒரே தலைவலி, நாற்றுக்கு வயது ஏறுவது யாருக்காகவும் நிற்காது; வாய்க்காலில் தண்ணீர் வருவதோ நம் கையில் இல்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ஒருவருக்கு நாலு நாள் தள்ளிப்போனால் அவர் வயல் சேறாகாது. நாற்று டிரேயிலேயே முற்றிவிடும். வேர் பின்னிக்கொண்டால் மெஷின் சரியாகக் கிள்ளி எடுக்காது. அப்புறம் நஷ்டம் யாருக்கு என்று சண்டை. முதல் வருடம் இரண்டு பேர் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டாம் வருடம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு நாற்றங்கால்காரரைப் பார்க்கப் போனேன். கடைமடை, வாய்க்காலின் கடைசி. தண்ணீர் விஷயத்தில் எங்களைவிட அவர்கள் பாடு மோசம். அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஒரே தேதியில் விதைத்த டிரேக்களுக்கு ஒரு நிறக் கொடி. பதிவு செய்தவர் கையில் அதே நிறத்தில் ஒரு சீட்டு, அதில் விதைத்த தேதி. தண்ணீர் தள்ளிப்போனால் சீட்டைக் கொண்டுவந்து அடுத்த நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அவர் விட்ட நாற்று, தண்ணீர் முன்னாலேயே கிடைத்துவிட்ட இன்னொருவருக்குப் போகும். கேட்டால் ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியிருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்து, நோட்டைத் திறந்து காட்டி, ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். எதையும் மறைக்கவில்லை.

வந்து அதையே செய்தேன். மாற்றிக்கொள்ள டிரேக்கு 2 ரூபாய் என்று மட்டும் நானாகச் சேர்த்தேன். சண்டை நின்றது. பதிவு இரட்டிப்பானது.

போன வாரம் விவசாயத் தொழில் செய்கிறவர்களுக்கான ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஸ்லைடு போட்டேன். தலைப்பு, ‘எங்கள் நிறச்சீட்டு முறை’. “இது எப்படி சார் தோணிச்சு?” என்று ஒருவர் கேட்டார். “முதல் வருஷ நஷ்டம் கத்துக்கொடுத்துச்சு” என்றேன். கைதட்டல். ஷீல்டு. மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பையன் வந்து, “சார், திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்க மாமாவை உங்களுக்குத் தெரியுமா?” என்றான். எனக்குச் சொல்லிக் கொடுத்த அந்த நாற்றங்கால்காரரின் அக்கா மகன். தெரியும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஷீல்டை டிவி பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டு நாளில் அது அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விட்டது. வீட்டம்மாதான் வைத்திருக்க வேண்டும். நானும் கேட்கவில்லை.

போன் போட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமா? சீட்டில் அவர் பேரைப் போடுவதா? பணம் ஏதாவது தர வேண்டுமா? தொழில் செய்கிறவர்கள் சொல்லுங்கள்.


தாளடி | ஏப்ரல் 27, இரவு 10:15

தம்பி, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு இது பெரிய விஷயமா? டெல்டாவில் எவன் செய்வது சொந்த யோசனை? மீன் அமிலம் தெளிக்கிறோம். கொரியாவில் சோ ஹான் கியூ என்பவர் பரப்பிய இயற்கை விவசாயத்திலிருந்து வந்தது. எந்த வயலில் அவர் பேரைப் போர்டு வைத்திருக்கிறார்கள்? ஒற்றை நாற்று நடவும் வெளிநாட்டுச் சரக்குதான். நல்லது என்றால் எடுத்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த 2 ரூபாயைச் சேர்த்தது நீங்கள். அப்படியென்றால் இது உங்கள் முறைதானே? மாவு யாருடையதாக இருந்தால் என்ன, தோசை உங்கள் கல்லில் வெந்தது.


கடைமடைக்காரன் | ஏப்ரல் 27, இரவு 10:52

தோசை நன்றாக இருக்கிறது தாளடி அண்ணே. மாவு ஆட்டியவருக்குப் பசிக்காது என்றுதான் எப்போதும் கணக்கு.

நான் வேதாரண்யம் பக்கம். தலைமடையில் இருப்பவர்களுக்கு எல்லாமே முதலில் வரும். தண்ணீர், கூட்டம், ஷீல்டு. எங்களுக்கு எல்லாம் கடைசியில். அந்த மனிதருக்கு இந்த யோசனை வந்ததே தண்ணீர் வராததால்தான். தண்ணீர் இல்லாத கஷ்டத்தில் கண்டுபிடித்ததை, கொஞ்சம் தண்ணீர் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் விற்று, ‘எங்கள் முறை’ என்கிறீர்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. நீங்களாகவே வந்து சொன்னதால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். பாரம்பரிய விதை 2 கிலோ இலவசம். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் நிபந்தனை. யாரிடமும் அவர் காசு கேட்கவில்லை, ஆனால் திரும்பி வரச் சொன்னார். நீங்கள் 2 கிலோ வாங்கிக்கொண்டு போனவர். அதற்குப் பிறகு எத்தனை முறை திரும்பிப் போனீர்கள்?


கோரையாற்றான் | ஏப்ரல் 27, இரவு 11:05

ஒரு முறைகூட இல்லை. பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பியதோடு சரி.


வக்கீல் குமாஸ்தா | ஏப்ரல் 28, காலை 6:30

சட்டம் யாரும் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன்.

பதிப்புரிமைச் சட்டம், 1957. அது காப்பது எழுதிய, வரைந்த, எடுத்த வடிவத்தை. யோசனையை அல்ல. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரு நாடகத்தின் கருவை எடுத்துப் படம் எடுத்தார்கள் என்று வழக்கு. கரு, கருப்பொருள், வெறும் தகவல் இவற்றுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, எடுத்தாண்ட விதம் அப்படியே ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார்கள். நிறக் கொடியும் சீட்டும் மாற்றிக்கொள்வதும் யோசனை. ரகசியம் காக்கச் சொல்லியும் தரவில்லை. ஆக உங்கள் மேல் வழக்கு நிற்காது.

ஆனால் அவர் தன் சீட்டில் எழுதி வைத்திருந்த வாசகங்களை நீங்கள் அப்படியே அச்சடித்திருந்தால் பேச்சு வேறு. அவர் எடுத்த போட்டோவை ஸ்லைடில் போட்டிருந்தாலும் அப்படியே. எழுதியவருக்கு ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் தனியாகவே இருக்கிறது. படைப்பை விற்ற பிறகும் அது அவரிடம் இருக்கும்.

கோர்ட்டுக்கு வரமுடியாத விஷயங்களில்தான் ஊரில் பாதிச் சண்டை. முப்பது வருடம் பார்த்துவிட்டேன்.


கோரையாற்றான் | ஏப்ரல் 28, காலை 7:10

போட்டோ நான் எடுத்தது. ஆனால் வாசகம்... ‘நாற்று உங்களுக்காகக் காத்திருக்காது, நாங்கள் காத்திருப்போம்’ என்று அவர் சீட்டில் இருந்தது. நன்றாக இருந்தது. அதை அப்படியே போட்டிருக்கிறேன்.


வக்கீல் குமாஸ்தா | ஏப்ரல் 28, காலை 7:14

அட ராமா.


மதகு | ஏப்ரல் 28, மதியம் 1:20

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தாளடி சொன்ன ‘எவன் பேர் சொல்கிறான்’ என்பதற்கு இந்த ஆற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் தாழ்வு, ஓட்டமும் நேர். தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போக, காவிரி மணல் மேவித் தஞ்சாவூர் வறண்டது. பிரிட்டிஷ் இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836-இல் அங்கே மேலணையைக் கட்டினார். ஆழம் தெரியாத மணல் ஆற்றில் அணை எப்படி நிற்கும் என்பதுதான் அப்போது பெரிய கேள்வி. அதற்கு விடை கல்லணையில் இருந்தது. மணலில் பெரிய கற்களைப் போட்டு, அது இறங்க இறங்க மேலே மேலே போட்டு, களிமண் கொண்டு பிணைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். காட்டன் அதைப் படித்தார். அதே பாடத்தை வைத்துக் கோதாவரியில் தவளேசுவரத்திலும் கட்டினார்.

நான் சொல்ல வருவது அவர் பின்னால் எழுதியதை. நிலையில்லாத மணலில் அடித்தளம் போடுவதை இந்த நாட்டு ஆட்களிடம்தான் கற்றோம், சென்னை மாகாணத்து ஆற்றுப் பாசன வேலைகள் லாபம் தந்ததற்கு அதுவே காரணம், அவர்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம் என்று எழுதி வைத்தார். ஆள்கிற நாட்டின் இன்ஜினியர் ஆளப்படுகிற ஜனங்களைப் பற்றி எழுதியது. அதுவும் மொட்டையாக நன்றி என்று எழுதவில்லை. எதைக் கற்றோம், அதனால் எங்களுக்கு என்ன மிச்சம் என்று கணக்கோடு சொன்னார்.

கல்லணையில் கல் போட்டவர்கள் ஒருவர் பேரும் அவருக்குத் தெரியாது. நமக்கும் கரிகாலன் பேர்தான் தெரியும். பேர் தெரியாதவர்களுக்கே அவர் சொல்லிவிட்டார். கோரையாற்றான் கையில் போன் நம்பரே இருக்கிறது.


தாளடி | ஏப்ரல் 28, மாலை 6:45

அது அரசாங்க வேலை சார். மாதம் பிறந்தால் சம்பளம். பக்கத்துக் கடைக்காரன் பேரைச் சொன்னால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார் என்கிற பயம் காட்டனுக்கு இல்லை. தொழில் செய்கிறவனுக்கு இருக்கிறது.

ஒற்றை நாற்று நடவு பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே?


வயல் அலுவலர் ஓய்வு | ஏப்ரல் 28, இரவு 8:30

திறக்கிறேன். தாளடி சாருக்கு நன்றி, நல்ல இடத்தில் கையை வைத்தார்.

மடகாஸ்கரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்ரி தெ லொலானியே, 1983 வாக்கில் உருவாக்கிய முறை அது. அவர் அதை ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. குத்துக்கு ஒரு நாற்று வைப்பதை அங்கே சில விவசாயிகளிடம் பார்த்திருந்தார். மழை பொய்த்த ஒரு பருவத்தில் பதினைந்து நாள் நாற்றை வேறு வழியில்லாமல் நடப்போய், அது தூர் கட்டிய விதத்தைப் பார்த்து அசந்துபோனார். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்காஃப். அவர் பேசும் இடங்களில் லொலானியே பேரைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

நம் ஊருக்கு அது ‘செம்மை நெல் சாகுபடி’ என்று வந்தது. அப்புறம் ‘ராஜராஜன் 1000’ ஆனது. பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு. பேர் வைத்ததில் தப்பில்லை, ஜனங்களுக்குப் பிடித்தது. ஆனால் மடகாஸ்கர் எங்கோ உதிர்ந்துவிட்டது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் உதிர்ந்தது. அந்த முறை உருவானதே இளம் நாற்றை வைத்து. பதினாலு நாள். கூடவே 25 சென்டிமீட்டர் இடைவெளி, காயவிட்டுப் பாய்ச்சுவது, கோனோவீடர் என்கிற களைக் கருவி ஓட்டுவது. எங்கிருந்து, எப்படி வந்தது என்கிற கதை தெரிந்தவனுக்கு நாற்றின் வயது மறக்காது. கதை போனதால் பேர் மட்டும் நின்றது. எத்தனை பேர் இருபத்தைந்து நாள் நாற்றைக் கொண்டுவந்து ஒற்றையாக நட்டுவிட்டு, “ராஜராஜன் நமக்குச் சரிப்படாது சார்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா?


தாளடி | ஏப்ரல் 28, இரவு 8:41

என்னைப் பார்த்துச் சொல்வது போலவே இருக்கிறது. இருபத்தாறு நாள்.


சுவாமிமலை மெழுகு | ஏப்ரல் 29, காலை 11:00

நீங்கள் எல்லோரும் வெளியாளைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐம்பொன் வார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை இறக்கி, உலோகம் ஊற்றுவோம். ஒரு பெரிய நடராஜர் திருவாசியில் திரும்பத் திரும்பக் காற்றுக் குமிழ். எங்களிடம் இருந்த பையன், வயது இருபத்தி இரண்டு, மெழுகு இறங்கும் வழியை இடம் மாற்றிப் பார்க்கலாம் என்றான். மாற்றினோம், நின்றது. அப்புறம் வாங்க வந்தவர்களிடம் நான்தான் அந்தக் கதையைச் சொல்வேன். “நாங்க ஒரு வழி கண்டுபிடிச்சோம்” என்று. நாங்க! அவன் பக்கத்திலேயே அரம் பிடித்து ராவிக்கொண்டிருப்பான். கூலிதான் கொடுக்கிறோமே என்கிற நினைப்பு. எட்டு மாதத்தில் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். சம்பளம் அங்கே அதிகமும் இல்லை.

இப்போது இருக்கிற பிள்ளைகளிடம் அந்தத் தப்பைச் செய்வதில்லை. வந்தவர் முன்னாலேயே, “இது இவன் யோசனை” என்று கையைக் காட்டிவிடுவேன். சிலையில் பேர் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை, அது சாமி. வாயால் சொல்வதற்கு எந்த ஆகமத்திலும் தடை இல்லையே.


மன்னை டூ சென்னை | ஏப்ரல் 29, மதியம் 2:10

எங்கள் ஐடி கம்பெனிகளில் இது தினப்படி. நான் மெல்லச் சொன்னதை அடுத்த பத்தாவது நிமிடம் மேனேஜர் உரக்கச் சொல்வார். ஆனால் அதே ஆட்கள் மென்பொருள் விஷயத்தில் ரொம்ப ஒழுங்கு. எம்ஐடி உரிமம் என்று ஒன்று. எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், காசு வேண்டாம். எழுதியவர் பேர் இருக்கும் அந்த அறிவிப்பை மட்டும் அழிக்காதே. அவ்வளவுதான் அதன் முக்கிய நிபந்தனை.


ஓய்வு வாத்தியார் | ஏப்ரல் 29, இரவு 9:00

இது ஒன்றும் இறக்குமதி இல்லை தம்பி. தொல்காப்பியத்தைத் திறந்தால் ‘என்மனார் புலவர்’, ‘என்ப’ என்று வந்துகொண்டே இருக்கும். நானாகச் சொல்லவில்லை, எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள் என்று அர்த்தம். திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளில் முத்திரை இருக்கிறது. தீட்சிதர் என்றால் குருகுஹ. யார் பாடினாலும், எந்த ஊரில் பாடினாலும், அந்தப் பேரைத் தாண்டாமல் வெளியே வர முடியாது.

ஆடுதுறையில் 1922-இல் இருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே வந்த ரகமெல்லாம் ஏடிடி. பேரிலேயே ஊர். சிஆர் 1009 என்று மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அந்த சிஆர் ஒடிசாவின் கட்டாக். நாம் அதைப் ‘பொன்மணி’ ஆக்கிக்கொண்டாலும் நம்பர் அதன் பிறந்த ஊரைச் சொல்லிவிடுகிறது.


டபரா செட் | ஏப்ரல் 29, இரவு 9:25

ஊர்ப் பேர் என்றதும் எனக்கு வயிற்றெரிச்சல். பைபாஸ் முழுக்க ‘கும்பகோணம் டிகிரி காபி’. பித்தளை டபராவை அடுக்கி வைத்துவிட்டால் ஆயிற்று. அதில் பாதிப் பேர் மகாமகக் குளம் எந்தத் திசை என்று கேட்டால் முழிப்பார்கள். வாங்கிய இடத்தைச் சொல்லாமல் விடுகிறவன் ஒரு ரகம், வாங்காத இடத்தைச் சொல்லிக்கொள்கிறவன் இன்னொரு ரகம். எங்கள் வெற்றிலைக்காவது 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சரி, இழையைத் திசை திருப்பவில்லை. கோரையாற்றான், போனில் பேசாதீர்கள். நேரில் போங்கள்.


நெறியாளர் | ஏப்ரல் 30, காலை 8:00

அந்தக் கூட்டத்தை நடத்தியவர்கள் யார், பெரியவர் யார் என்று இரண்டு பேர் ஊகித்து எழுதியிருந்தீர்கள். நீக்கிவிட்டேன். பேரைப் பற்றிய இழையில் பேரை நீக்குவது எனக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரைக் கேட்காமல் இங்கே போட வேண்டாம்.


கோரையாற்றான் | மே 11, இரவு 10:20

போய்விட்டு வந்தேன். தாமதத்துக்குக் காரணம் பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

நான் நினைத்துக்கொண்டு போனது ஒன்று, நடந்தது ஒன்று. மன்னிப்பு என்று ஆரம்பித்ததும், “அது கிடக்கட்டும், உட்காருங்க” என்றார். பேர் சொல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் வாசகத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். பின்பக்கம் திருப்பினார். ‘மாற்றுக் கட்டணம் டிரேக்கு ரூ. 2’ என்று இருந்தது. முகம் மாறிவிட்டது.

“இதை எதுக்குப் போட்டீங்க?” என்றார். சும்மா சும்மா மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதற்காக என்றேன். “மாத்தணும்னுதானே சீட்டே” என்றார். அப்புறம் சொன்னார். ஏக்கருக்கு எண்பது டிரே என்றால் 160 ரூபாய். நாலு ஏக்கர் வைத்திருப்பவன் 640 ரூபாய் கட்ட வேண்டும். அவன் என்ன செய்வான்? இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு கடைசி நாள்வரை சீட்டைக் கையிலேயே வைத்திருப்பான். கடைசி நாளில் அவன் விடும் நாற்று வேறு யாருக்கும் உதவாது. அதற்குள் அதுவும் முற்றியிருக்கும். கட்டணம் இல்லையென்றால் தண்ணீர் வராது என்று தெரிந்த அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவான்.

எனக்கு அப்படியே குளிர்ந்துவிட்டது. போன சம்பாவில் முந்நூறு டிரேக்கு மேல் நான் எருக்குழியில் கொட்டினேன். விவசாயிகள் கவனக்குறைவு என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில்கூட, ‘இழப்பு ஓரளவு இருக்கும்’ என்று ஒரு ஸ்லைடு.

அவர் கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. “என் பேரைச் சொல்லியிருந்தா, அந்தக் கூட்டத்துல நாலு பேராவது எனக்குப் போன் போட்டிருப்பாங்க. ரெண்டு ரூபா வாங்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப அவங்க எல்லாரும் உங்களைப் பார்த்து ரெண்டு ரூபா போடப்போறாங்க.”


வயல் அலுவலர் ஓய்வு | மே 11, இரவு 10:48

இருபத்தாறு நாள் நாற்று.


தாளடி | மே 11, இரவு 10:55

சரி சார், சரி. அந்த 2 ரூபாயை வைத்து ‘உங்கள் முறைதானே’ என்று எழுதியவனும் நான்தான். திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.


கோரையாற்றான் | மே 12, காலை 6:15

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீட்டில் உங்கள் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “இது எனக்கும் வந்ததுதான்” என்றார். அவர் ஊரில் மடை திறந்துவிடுகிற ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். இப்போது இல்லை. ஒருத்தர் வயலில் உழவு முடியவில்லை என்றால் அவருடைய தண்ணீர் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து, பின்னால் அவர் முறையை வாங்கித் தருவாராம். காசு பேசினால் மடையில் கால் வைக்க விடமாட்டாராம். அதைத்தான் இவர் நாற்றுக்குக் கொண்டுவந்தார். “போடறதா இருந்தா அவரையும் சேர்த்துப் போடுங்க. போன் நம்பர் மட்டும் போட்றாதீங்க, சீசன்ல வர்ற போனே தாங்கலை” என்றார்.

பணம் பற்றிக் கேட்டேன். மறுத்துவிட்டார். பெரிய ஆர்டர் என்னால் முடியாமல் போனால் அவர் பக்கம் அனுப்பச் சொன்னார். சரி என்றேன்.

வாசகம் எழுதிப் பார்த்தேன்: ‘கடைமடை கண்ட கர்மவீரர், நாற்றங்கால் நாயகர், எங்கள் குருநாதர் ஐயா அவர்களின் நல்லாசியுடன்...’


கடைமடைக்காரன் | மே 12, காலை 6:40

தம்பி, கட் அவுட் வைத்துப் பால் ஊற்றப் போகிறீர்களா? அவரைக் கும்பிட்டு மூலையில் உட்கார வைக்கிற வேலை இது. என்ன வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.


வக்கீல் குமாஸ்தா | மே 12, காலை 7:05

இப்படிப் போடுங்கள்: ‘இந்த நிறச்சீட்டு முறையை உருவாக்கியவர் இன்ன ஊர் இன்னார். முன்பக்க வாசகமும் அவருடையது. அவர் ஊரில் மடை பார்த்த இன்னார் கடைப்பிடித்த முறைமாற்றிலிருந்து இது வந்தது. மாற்றிக்கொள்ளக் கட்டணம் இல்லை.’ கீழே உங்கள் பேர். இதற்கு மேல் ஒரு அடைமொழி சேர்த்தாலும் நான் பொறுப்பில்லை. அச்சுக்குப் போகும் முன் அவரிடம் படித்துக்காட்டி விடுங்கள்.


மதகு | மே 12, காலை 9:30

சீட்டு உங்கள் வாடிக்கையாளர் பார்ப்பது. ஷீல்டு கொடுத்த கூட்டத்தில் இருந்தவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? கைதட்டிய அதே ஆட்கள் காதில் விழ வேண்டாமா?


கோரையாற்றான் | மே 12, காலை 9:50

அதுதான் சார் வயிற்றைக் கலக்குகிறது. கேட்டுப் பார்க்கிறேன்.


கோரையாற்றான் | ஜூன் 7, இரவு 9:15

குறுவை வேலையில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பு என்ற எதிர்பார்ப்பில் இரண்டு நிறம் விதைத்தாகிவிட்டது.

கூட்டம் நடத்தியவர்களிடம் பேசினேன். ஷீல்டைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள், அதற்குப் பதிவேட்டில் இடம் இல்லையாம். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுத்தார்கள். நேற்று நடந்தது. ‘எங்கள்’ என்பதை அடித்துவிட்டு அதே ஸ்லைடைப் போட்டேன். போன முறை நான் சொன்ன பதில் பொய் என்றேன். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் அதிரவில்லை. இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மைக் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டார், அக்கா மகன் பேசினான். 2 ரூபாய்க் கணக்கை அவன் சொன்னபோதுதான் எல்லோரும் பேனாவைத் தேடினார்கள். ஏற்கெனவே மூன்று பேர் என்னைப் பார்த்துக் கட்டணம் போட்டுவிட்டார்களாம். அதில் ஒருவர் 5 ரூபாய்.

புதுச் சீட்டு அச்சாகி வந்துவிட்டது. போன சம்பாவில் மாற்றுக் கட்டணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பதினோரு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வட்டி கேட்டார்.

ஷீல்டு இன்னும் அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது.


தாளடி | ஜூன் 7, இரவு 9:32

வட்டி கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியும், எங்கள் ஊர்க்காரர்தான்.

சம்பாவுக்கு ஐந்து ஏக்கர், சிஆர் 1009. இப்போதே சொல்லிவைத்தால் கிடைக்குமா? பதினைந்தாம் நாளே வேண்டும், சொல்லிவிட்டேன்.


கோரையாற்றான் | ஜூன் 7, இரவு 9:40

எழுதிக்கொண்டேன் அண்ணே. பச்சைச் சீட்டு. ஐந்துக்கும் என்னிடம் டிரே பத்தாது. மூன்று ஏக்கர் நான் தருகிறேன், மீதிக்குப் பூண்டியில் சொல்கிறேன்.